அம்மாவின் வசந்த விடுமுறை

எல்ம் லேக், விஸ்கான்சின்
23 ஜனவரி 1994

அன்புள்ள மோனிகா,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தையும் நீ பாதியில் மூடி வைக்கலாம். ஆனால் மீதி வாக்கியங்கள் உறைக்குள் காத்திருக்கும்.

நீ கேட்க மறுத்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் கல்லூரியின் வசந்த விடுமுறை மார்ச் பன்னிரண்டாம் தேதி தொடங்குகிறது. பதினோராம் தேதி மாலை நான் சிசிலித் தீவுக்குப் புறப்படுகிறேன். மிஸ்டர் ஆர்விட் ஹால்வர்சன் என்னுடன் வருகிறார். எட்னா எரிமலையைப் பார்க்கப் போகிறோம். நிலவியல் படிக்கிற ஒருத்தி எரிமலையைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்குவது, சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கை கழுவுவதைப் போன்றது.

அறுபத்தெட்டு வயதில் என்ன மாணவி என்று நீ சிரித்தாய். உன் அப்பாவை மணப்பதற்காக இரண்டாம் ஆண்டோடு நிறுத்திய படிப்பு அது. அவர் போன பிறகு முடித்தே தீர்வது என்று சேர்ந்தேன். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. மார்ச் மாதம் வந்தால் ஃப்ளோரிடா, மெக்சிகோ என்று பறந்துவிடுகிறார்கள். நான் வீட்டுக்கு வந்து ஜன்னல் திரைகளைத் துவைப்பேன். மிஸ்டர் ஹால்வர்சன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை என்றால் கல்லூரிக்கு வேறு வாரம். அவர் வீட்டில் இருக்கும்போது எனக்குத் தேர்வு, நான் வீட்டில் இருக்கும்போது அவர் சாலையில். நாங்கள் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, இந்த ஆண்டுதான் இரண்டு விடுமுறையும் ஒரே வாரத்தில் விழுந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு நான் மாணவியாக இருக்க மாட்டேன். ஆகவே இதுதான் என்னுடைய வசந்த விடுமுறை.

"இந்த வயசுல ஒரு ஆம்பளையோட வெளிநாடா? ஊர் என்னம்மா சொல்லும்?" என்றாய். ஊர் சொல்வதைச் சொல்லட்டும். அதற்குப் பிறகு, "நீ போனேன்னா ஈஸ்டருக்கு நாங்க யாரும் வரமாட்டோம்" என்றாய். அது எனக்கு வலித்தது. உன் அப்பா இறந்ததிலிருந்து நீ, மருமகன் கில், பேத்தி சீலியா மூவரும் இந்த வீட்டுக்கு வருவது ஈஸ்டருக்கு மட்டும்தான். அதைப் பணயம் வைத்துப் பேசக்கூடாது.

நீ அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கிறேன். பயணத்தை நிறுத்தமாட்டேன்.

உன் அம்மா,
அடிலெய்ட் கெஸ்லர்


டூசான், அரிசோனா
1 பிப்ரவரி

அம்மா,

பெற்ற மகளுக்கு எழுதும்போது முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திடுகிற அம்மா உலகத்திலேயே நீ ஒருத்திதான். கில் படித்துவிட்டு, "இது கடிதமா, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டான். போதாக்குறைக்கு, "உங்க அம்மா நம்மளவிட ஜாலியா இருக்காங்க, விடேன்" என்கிறான். அவனுக்கென்ன, அவன் அம்மா மாதா சங்கக் கூட்டத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை.

என் பக்கத்தையும் நீ ஒரு முறை கேட்டுவிடு. இந்தச் செய்தி முதலில் எனக்கு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? எதிர்வீட்டு மிஸஸ் டோலனிடமிருந்து. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவள், "ஏண்டி மோனிகா, உங்க அம்மாவுக்குத் தேனிலவாமே! எந்த ஊருக்குன்னு உனக்காவது தெரியுமா?" என்றாள். நான் தெரிந்த மாதிரி சிரித்துவைத்தேன். தொலைபேசியை வைத்த பிறகு சமையலறையில் அப்படியே நின்றேன். மூன்று வாரம் நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். கடைசியில் நான் கேட்டதால்தான் சொன்னாய்.

இன்னொன்று. எனக்கு இருபது வயதில் இதே வசந்த விடுமுறைக்கு மெக்சிகோ போகிறேன் என்றேன். நீ ஒரு வார்த்தை கத்தவில்லை. என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் திரும்ப அடுக்கினாய். "மோதிரம் ஏறாத விரலோட ஒருத்தி எல்லை தாண்டக் கூடாது" என்றாய். இப்போது உன் விரலில் இருக்கிற மோதிரம் யாருடையது அம்மா? அப்பாவுடையது.

அவர் பேருந்து ஓட்டுவதில் எனக்கு ஒன்றுமில்லை. அவர் கத்தோலிக்கர் இல்லை, லூத்தரன்காரர் என்பது உன் பங்குச்சாமியாரின் கவலை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஓர் அறையா, இரண்டு அறையா? நீ அதற்குப் பதில் சொல்லாமல் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று சொன்னாய். அப்போதுதான் வைத்தேன்.

ஈஸ்டர் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் உன் மகள்தான்.

மோனிகா


எல்ம் லேக்
12 பிப்ரவரி

அன்புள்ள மோனிகா,

மெக்சிகோ விஷயத்தில் நான் செய்தது சரி. உன்னோடு வர இருந்தவன் கில் அல்ல, டுவைட். அவன் மோட்டார் சைக்கிளில் பிரேக் வேலை செய்யாது, அவனுக்கும்தான். இன்றைக்கு அதே பெட்டி என் முன்னால் இருந்தாலும் அதே போலத்தான் அடுக்குவேன்.

மோதிரம் உன் அப்பாவுடையது. விரல் என்னுடையது. கழற்றும் எண்ணமும் இல்லை. மிஸ்டர் ஹால்வர்சன் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் தன் மனைவியின் படத்தைப் பேருந்தின் வெயில் மறைப்பில் செருகி வைத்திருக்கிறார். நானும் கேட்டதில்லை.

அறைகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடையாது. சாவிகளைப் பற்றி ஒரு தாய் மகளிடம் விளக்கம் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

மிஸஸ் டோலனிடம் நான் எதையும் சொல்லவில்லை. கடவுச்சீட்டு வந்த உறையை அஞ்சல்காரர் கையில் பார்த்துவிட்டாள். மற்றதை அவளே கட்டினாள். ஆனால் உன்னிடம் முதலில் சொல்லாமல் விட்டது பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ கேட்பதற்குள் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வார்த்தை தேடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

இதற்கிடையில் நீ சந்தோஷப்படத்தக்க ஒரு செய்தி. ஜனவரிக் குளிர் உங்கள் ஊர்ச் செய்தித்தாளிலும் வந்திருக்கும். பேருந்துகள் கிளம்பவில்லை, பள்ளிக்கூடத்தைப் பல நாள் மூடினார்கள். அது முடிந்ததும் பனி. மறுபடியும் மூடினார்கள். நேற்று கோயில் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. எங்கள் கோயில் மீனுக்காக மட்டும் வருகிற ஒரே லூத்தரன் அவர்தான் (நாங்கள் பழகியதே அந்த வரிசையில் தட்டோடு நின்றபோதுதான்). நேற்று தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல சாப்பிடுங்க, மிஸஸ் கெஸ்லர். அப்புறம் ஒரு சேதி சொல்றேன்" என்றார்.

"சாப்பிட்டதுக்கு அப்புறம் சொல்ற சேதி எதுவும் நல்லா இருந்ததில்ல. இப்பவே சொல்லுங்க."

"பனிக்காக மூடின நாளையெல்லாம் ஈடுகட்டணுமாம். வசந்த விடுமுறையில கை வைக்கப் போறாங்க."

"எவ்வளவு?"

"முழுசா."

அவர் அதன் பிறகு மீனைச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. பள்ளி நிர்வாகக் குழு மாதக் கடைசியில் கூடி முடிவெடுக்கும்.

உன் அம்மா,
அடிலெய்ட் கெஸ்லர்


டூசான்
20 பிப்ரவரி

அம்மா,

கடவுள் இருக்கிறார்! உன் கடிதத்தைப் படித்ததும் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். கில் சொன்னான்: "உங்க அம்மா விஷயத்துல கடவுள்கூட நேரடியா பேசப் பயந்து, பனிய அனுப்பியிருக்காரு." இதைக் கேட்ட சீலியா இரவு ஜெபத்தில், "இங்கயும் கொஞ்சம் அனுப்பு, எங்க ஸ்கூலையும் மூடு" என்று சேர்த்துக்கொண்டாள். பாலைவனத்தில் வளர்கிற பிள்ளையின் ஆசையைப் பார்.

ஆடி முடித்த பிறகு உட்கார்ந்தேன். நீ சாப்பிடாமல் எழுந்தாய் என்று எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். நீ சாப்பாட்டை வீணாக்கி நான் பார்த்ததில்லை. அவ்வளவு வேண்டுமா அம்மா இந்தப் பயணம்?

ஊர், மோதிரம், அறை என்று நான் எழுதினதெல்லாம் இருக்கட்டும். உண்மையைச் சொல்கிறேன். கனடாவில் அந்த ஏரிக் குடிலில் அப்பா போனபோது நீ பக்கத்தில் இருந்தாய். தொலைபேசி இல்லாத இடம். எனக்குச் செய்தி வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரைச்சீலைக்குத் துணி பார்த்தேன். தோழியோடு போய்ச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டேன். அப்பா இல்லாத உலகத்தில் அது தெரியாமல் சிரித்துக்கொண்டு நடந்தேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது நீ கடல் தாண்டி, எரிமலை ஏறப் போகிறேன் என்கிறாய். நான் இங்கே எதற்காகவாவது சிரித்துக்கொண்டிருப்பேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. அதனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன்.

குழு உனக்குச் சாதகமாக முடிவெடுத்து நீ போவதானால், தங்குகிற இடத்தின் முகவரியும் எண்ணும் எழுது. இறங்கியதும் கூப்பிடு. என்ன செலவானாலும் சரி. ஈஸ்டர் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீ நல்லபடியாகத் திரும்பி வந்தால் பார்க்கலாம்.

மோனிகா


எல்ம் லேக்
5 மார்ச்

அன்புள்ள மோனிகா,

உன் கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டு, வெளியே போய் வாசல் பாதையில் பனி அள்ளினேன். ஏற்கெனவே அள்ளியிருந்த பாதைதான். இறங்கியதும் கூப்பிடுகிறேன். முகவரியும் எண்ணும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். காசா சாந்தா அகத்தா, கத்தானியா நகரம்.

நிர்வாகக் குழு விடுமுறையை எடுத்துவிட்டது. கூட்டம் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது, ஊரே வந்திருந்தது. மிஸ்டர் ஹால்வர்சன் எழுந்து பேசுவார் என்று நினைத்தார்கள், பேசவில்லை. "நீங்க பேசுங்க, நீங்க பேசினா கேப்பாங்க" என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தட்டினார்கள். நான் எரிமலை பார்ப்பதற்காகப் பிள்ளைகளின் பாடத்தைப் பேரம் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது அவர், "நீங்க போய்ட்டு வாங்க. நான் படத்துல பாத்துக்கறேன்" என்றார். தனியாகப் போவதென்று தீர்மானித்தேன். வீடு வந்து பெட்டியை எடுத்துப் பாதி அடுக்கினேன். அன்றைக்கு அதற்குமேல் அடுக்க மனமில்லை.

மறுநாள் மிஸஸ் டோலன் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் நடுக் கூடத்தில் நின்றாள்.

"அடிலெய்ட், தவக்காலத்துக்கு நான் வம்பு பேசறத விட்டிருந்தேன்."

"தெரியும். ஊர் முழுக்கச் சொன்னியே."

"முதல் ஞாயித்துக்கிழமையே தவறிட்டேன்."

"அதுவும் தெரியும். என்னைப் பத்தித்தானே?"

"பின்ன? இந்த ஊர்ல வேற யாரப் பத்தி சுவாரசியமா ஏதாவது பேச முடியுது?" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விட்டதக் காப்பாத்த முடியலன்னா ஈடா வேற ஒறுத்தல் செய்யணுமில்ல? ஆர்விட்டோட ரூட்ட அந்த வாரம் நான் ஓட்டறேன். லைசென்ஸ் இன்னும் செல்லும். போய்ப் பேசிட்டும் வந்துட்டேன். சரின்னுட்டாங்க."

இவள் ஓய்வு பெறும்வரை மாற்று ஓட்டுநராக இருந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அழைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். எனக்கு இந்தத் தவக்காலத்தில் ஈஸ்டர்வரை காப்பிக்குச் சர்க்கரை இல்லை. அவளுக்கு இரண்டு கரண்டி போட்டேன்.

மிஸ்டர் ஹால்வர்சனிடம் சொன்னபோது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கத்தோலிக்கங்க இவ்வளவு உபயோகமா இருப்பாங்கன்னு எங்க பாதிரியார் ஒரு நாளும் சொன்னதில்லையே!" என்றார்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். சனிக்கிழமை போய்ச் சேருவோம். கவலைப்படாதே என்று எழுதினால் கவலைப்படத்தான் போகிறாய். ஆகவே எழுதவில்லை.

உன் அம்மா,
அடிலெய்ட் கெஸ்லர்


டூசான்
15 மார்ச்

அம்மா,

இப்போதுதான் உன்னோடு பேசிவிட்டு வைத்தேன். தூங்கப் போவதற்குள் எழுதிவிடுகிறேன். இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன், நீ வந்து பார்த்தால் போதும்.

சனிக்கிழமை தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு பூசைக்குப் போனதைத் தவிர வீட்டை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமை வேலையிலிருந்து விமானக் கம்பெனிக்குக் கூப்பிட்டேன். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்றார்கள். விமானம் இறங்கினால் ஆயிற்றா? நீ இறங்கினாயா? இன்றைக்குச் சாயங்காலம் கில் ஏதோ ஜோக் சொன்னான். சிரிக்கப்போய் வாயை மூடிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும். கூப்பிடு" என்று எண்ணை எடுத்துக் கையில் கொடுத்தான். அங்கே விடிந்திருக்காது என்றேன். "எழுப்பு" என்றான்.

வெகுநேரம் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அவளுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாகப் பேசினேன். அவள் அயர்லாந்தில் படித்தவளாம், என்னைவிட நன்றாகப் பேசினாள்.

"ஹோட்டல் வரவேற்பறைங்களா?" என்றேன்.

"ஹோட்டலா? இது கன்னியர் மடம், மகளே. பயணிகளுக்கு அறை கொடுக்கறோம். ஆண்களுக்கு மேல் மாடி, பெண்களுக்குக் கீழ் மாடி. ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திடுவோம். உங்களுக்கு யார் வேணும்?"

மிஸஸ் கெஸ்லர் என்று மட்டும் சொன்னேன். மரப் படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் நீ. வணக்கம் இல்லை, ஹலோ இல்லை.

"யார் செத்தது?" என்றாய்.

"யாரும் இல்லம்மா. நீ?"

"நான் உயிரோடதான் இருக்கேன். விடியாத நேரத்தில எழுப்பிக் கேக்கற கேள்வியா இது?"

எனக்கு அழுகை வந்தது. நீயும் மூக்கை உறிஞ்சினாய், மறுக்காதே. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஓர் ஆண்குரல், "மோனிகாவா? எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றது. உடனே அந்த சிஸ்டர், "மேல போங்க! மேல போங்க!" என்று விரட்டினாள். அப்புறம் நான் சிரித்த சிரிப்பில் சீலியா எழுந்து வந்துவிட்டாள்.

அம்மா! காதலனோடு முதல் முறையாக வெளிநாடு போகிறவள் கன்னியர் மடத்தில் அறை எடுப்பாளா? உன்னைத் தவிர வேறு யார் செய்வார்கள் இதை? கில் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போன மாதமே வாயை மூடியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை?

அந்த மனிதர் படியில் இறங்கிவந்து முதலில் கேட்டது எங்களைப் பற்றித்தான். அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மோனிகா


கத்தானியா, சிசிலி
16 மார்ச்

அன்புள்ள மோனிகா,

உன்னோடு பேசிய பிறகு தூங்கப் போகவில்லை. சிற்றாலயத்தில் சிஸ்டர்களின் காலை ஜெபம்வரை உட்கார்ந்திருந்தேன். முதலில் மன்னிப்பு. ஞாயிறு மாலை ரயில் நிலையத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். அதற்கு முந்தைய நாள் வந்து சேர்ந்த களைப்பில் படுத்துவிட்டேன். உன் வீட்டுத் தொலைபேசியில் பதில் சொல்லும் பெட்டி உன் குரலில், "நாங்க இப்ப வீட்டுல இல்ல" என்றது. வீட்டில் இல்லாதவளிடம் என்ன பேசுவது என்று வைத்துவிட்டேன். பூசைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்து மகிழவும் செய்தேன். பெட்டியிடம் பேசியிருக்க வேண்டும். அது என் தவறு.

அறைகளைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று தொலைபேசியில் கேட்டாய். நீ கேட்டது கேள்வியாக இல்லை, விசாரணையாக இருந்தது. விசாரணைக்கு நான் பதில் சொல்வதில்லை. மற்றபடி இதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் சிறுவயதெல்லாம் சிஸ்டர்களிடம் படித்தவள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிடுகிற வீட்டில்தான் எனக்கு அந்நிய ஊரில் தூக்கம் வரும். இதை மிஸ்டர் ஹால்வர்சனிடம் தயங்கித்தான் சொன்னேன். "எனக்குக் குறட்டை உண்டு. தனி மாடியே நல்லது" என்றார்.

திங்கட்கிழமை எட்னாவுக்குப் போனோம். பேருந்து ஏறும் கடைசி இடத்தில் இறங்கினால் முழங்கால்வரை பனி! அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். பனி விலகிய இடங்களில் கறுப்புப் பாறை, நேற்று ஊற்றி வைத்ததுபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் பேராசிரியர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதெல்லாம் என் கைக்கடியில் இருந்தது. மேலே உச்சியில் புகை, அடுப்பில் பால் வைத்துவிட்டு யாரோ உள்ளே போன மாதிரி அமைதியாக.

பக்கத்து மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். அவர் உடனே ஒரு கல்லில் உட்கார்ந்து, "கால் வலிக்குது, கொஞ்சம் இருங்க" என்றார். அவருக்குக் கால் வலிக்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பும் பேருந்து வழியில் நின்றுவிட்டது. அவர் இறங்கிப்போய் ஓட்டுநர் பக்கத்தில் நின்று எஞ்சினைப் பார்த்தார். அவன் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னான், இவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. வேறு பேருந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது, மடத்துக் கதவைச் சாத்தும் நேரம் தாண்டிவிட்டது. மணி அடித்தோம். கதவிலிருந்த சிறு துவாரத்தில் ஒரு கண் தெரிந்தது. சிஸ்டர் எங்களை உள்ளே விடுவதற்கு முன்பே திட்டத் தொடங்கினாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தவனைப் போல நின்றார். எனக்குப் பதினைந்து வயதுக்குப் பிறகு இப்படி யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. மாடிப்படியில் போகும்போது சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

உன் அப்பாவைப் பற்றி. தொலைபேசி மணி கேட்டால் நானும் முதலில் அதைத்தான் நினைக்கிறேன். பகலோ, விடியற்காலையோ. உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் நீ சிரித்ததில் குற்றம் எதுவும் இல்லை. நீ எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துத்தான் அந்த ஏரிக்கரையில் நான் எழுந்து நின்றேன்.

அடுத்த ஞாயிறு ஊர் திரும்புகிறோம்.

உன் அம்மா,
அடிலெய்ட் கெஸ்லர்


டூசான்
24 மார்ச்

அம்மா,

சிசிலிக் கடிதம் இன்று வந்தது. கடைசி வரிகளைக் கில்லுக்குப் படித்துக்காட்ட முயன்றேன், முடியவில்லை. அவன் வாங்கிப் படித்தான்.

விமானச் சீட்டு எடுத்துவிட்டோம். பெரிய வெள்ளி மதியம் மில்வாக்கியில் இறங்குகிறோம். ஈஸ்டர் பற்றி நான் சொன்னதை இத்தனை நேரம் பிடித்துவைத்திருந்ததற்கு என்னைத் திட்டிக்கொள், ஆனால் சீலியா முன்னால் வேண்டாம். அவள் இப்போதே பெட்டி கட்டிவிட்டாள், நீச்சல் உடையோடு.

எங்களை அழைத்துப் போக மிஸ்டர் ஹால்வர்சன் வருவாரா? அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? மிஸ்டர் என்றால் வரி வசூலிக்க வந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எதுவானாலும் எனக்கு உன்னிடமிருந்து தெரியவேண்டும். நல்லதோ கெட்டதோ, நீ வார்த்தை தேடித் தயாராகும்வரை காத்திருக்காதே. தப்புத்தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.

மோனிகா


எல்ம் லேக்
28 மார்ச்

அன்புள்ள மோனிகா,

நீச்சல் உடையை வெளியே எடுத்துவிட்டுக் கம்பளிக் காலுறை வை. இங்கே தெருவோரப் பனி இன்னும் கரையவில்லை. பெரிய வெள்ளியன்று விமானத்தில் இறைச்சி கொடுத்தால் சாப்பிடாதீர்கள். வந்ததும் சூப் இருக்கும்.

ஆர்விட் தன் காரில் வருவார். அவரை ஆர்விட் என்றே கூப்பிடு. எனக்கே அப்படிக் கூப்பிட இத்தனை நாள் ஆயிற்று. அவர் இந்த வாரம் முகம் வாடித் திரிகிறார். பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம், "மிஸஸ் டோலன் எங்கே? அவங்க வந்தா கதை சொல்வாங்களே" என்று கேட்கிறார்களாம். அவள் அந்த ஒரு வாரத்தில் ஊரிலுள்ள எல்லார் கதையையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய தவக்காலம் அதோடு முடிந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் முதலில் சொல்கிறேன், வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. திரும்பி வரும் விமானத்தில், கடலுக்கு மேலே, ஆர்விட் கழுத்துப் பட்டனைத் தளர்த்தினார்.

"அடிலெய்ட், ஒண்ணு கேக்கட்டுமா?"

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். படிப்பு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"மே மாசம். தேறினா."

"தேறலன்னா?"

"அடுத்த மே."

"அப்ப நான் வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து தினமும் மாலையில் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே இங்கே வருகிறார். என் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாறைகளின் பெயர்களைக் கேட்கிறார். அவர் உச்சரிப்பில் எந்தப் பாறை என்று எனக்கே தெரிவதில்லை. தெரியாமல் விழித்தால், "பாஸ் ஆகறதில உங்களுக்கு அக்கறையே இல்ல" என்று கோபித்துக்கொள்கிறார்.

முதல் முறை படிப்பை விட்டுவிட்டு மணம் செய்துகொண்டேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, உன் அப்பாவே சாட்சி. இந்த முறை படிப்பு முதலில். உனக்கு இதில் மறுப்பு இருந்தால் தொலைபேசியில் வேண்டாம், கடிதத்திலும் வேண்டாம். வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல். கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வேன் என்று சொல்லவில்லை.

இன்று கல்லூரி அலுவலகத்துக்குப் போய், பட்டமளிப்பு விழாவில் குடும்பத்தாருக்கான முன்வரிசையில் இடம் கேட்டேன். நீ, கில், சீலியா, ஆர்விட். அங்கே இருந்த சின்னப் பெண் என்னையும் பெயர்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவங்க எல்லாரும் குடும்பந்தானே, மேடம்?"

"ஆமா. ஒருத்தர் மட்டும் நான் தேறினாத்தான்" என்றேன்.

உன் அம்மா,
அடிலெய்ட் கெஸ்லர்